பந்து மேலெழும்போதே: கிமிகோ டாடேயின் ஆட்ட வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

1996 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியின் முதல் சுற்றில் மார்ட்டினா ஹிங்கிஸிடம் 1-6, 2-6 என்று தோற்ற கையோடு ஜப்பானின் கிமிகோ டாடே டென்னிஸை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 26. உலகத் தரவரிசையில் எட்டாம் இடம். அந்த ஆண்டுதான் விம்பிள்டன் அரையிறுதி வரை போயிருந்தார்; சான் டியேகோ இறுதியாட்டத்தில் அரான்ட்சா சாஞ்செஸ் விகாரியோவை வென்று கோப்பையும் வாங்கியிருந்தார். ஆட்டம் சரிந்துவிட்டது என்று யாரும் சொல்ல வழியில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஓய்வை அறிவித்துவிட்டுத்தான் நியூயார்க் போனார்.

பதினொன்றரை ஆண்டுகள் கழித்து, 2008 ஏப்ரலில், 37 வயதில் திரும்பி வந்தார். 38 வயதில் ஒரு சர்வதேசக் கோப்பை, 40 வயதில் முதல் பத்து இடங்களுக்குள் இருந்த ஒருவர் மீது வெற்றி, 42 வயதில் விம்பிள்டன் மூன்றாம் சுற்று, 43 வயதில் அமெரிக்க ஓபன் இரட்டையர் அரையிறுதி. 2017 செப்டம்பரில், 47-ஐத் தொட இரண்டு வாரம் இருக்கும்போது, இரண்டாம் முறையாக விடைபெற்றார்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வைராக்கியம், மன உறுதி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வயது வெறும் எண்தான் என்ற வாசகமும் தவறாமல் வந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மன உறுதி மிக்க வீராங்கனைகள் எத்தனையோ பேர் முப்பது வயதைத் தாண்ட முடியாமல் வெளியேறியிருக்கிறார்கள். டாடேயின் விஷயத்தில் விடை அவர் பந்தை அடித்த விதத்தில் இருக்கிறது. அவரை நாற்பது வயதுக்கு மேலும் நிற்க வைத்தது எதுவோ, அதையே பதினாறு வயதிலும் அவர் செய்துகொண்டிருந்தார்.

அடி

1970 செப்டம்பர் 28 அன்று கியோட்டோவில் பிறந்தவர். உயரம் 163 சென்டிமீட்டர். இயல்பில் இடக்கைக்காரர், டென்னிஸ் மட்டும் வலக்கையில். ஹியோகோ மாகாணத்தின் அமகசாகியில் உள்ள சோனோடா உயர்நிலைப் பள்ளியில் படித்தார். மகளிர் டென்னிஸில் பேர்போன பள்ளி அது. கடைசி ஆண்டில், பள்ளிகளுக்கிடையிலான தேசியப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று பட்டங்களையும் வென்றுவிட்டு, 1989-இல் தொழில்முறைக்கு வந்தார்.

சர்வீஸ் அவருடைய பலம் அல்ல. அந்த உயரத்துக்கும், பிறவிக் கையல்லாத கைக்கும் அது பெரிதாக வாய்த்துவிடாது. பதிலடியில்தான் அவர் வித்தை இருந்தது. தரையில் பட்ட பந்து மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு இறங்கும். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் உச்சியிலோ இறங்கும்போதோ அடிப்பார்கள். கணிக்க நேரம் கிடைக்கும், மட்டையைப் பின்னால் இழுத்து வீசவும் நேரம் கிடைக்கும். டாடே அதற்குக் காத்திருக்க மாட்டார். பந்து எழும்பத் தொடங்கி முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும்போதே மட்டை போய்ச் சேர்ந்துவிடும். மட்டையைப் பின்னால் இழுப்பது மிகக் குறைவு. டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவிடுவது, ஏறக்குறைய இல்லை. பந்து வலைக்கு மேலே ஒட்டினாற்போலத் தட்டையாகப் பறந்து, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போல எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். இப்படி அடிப்பதை ஜப்பானில் 'ரைசிங் ஷாட்' என்றார்கள். அவர் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது.

இதில் மூன்று லாபங்கள் உண்டு. ஒன்று, எதிராளி அனுப்பிய வேகமே திரும்பிப் போகிறது. சொந்தத் தசையிலிருந்து எடுத்துப் போட வேண்டியது குறைவு. இரண்டு, பேஸ்லைனை, அதாவது களத்தின் பின்கோட்டை, ஒட்டியோ அதற்கு உள்ளேயோ நிற்பதால் ஓட வேண்டிய தூரம் குறைவு. பந்து பக்கவாட்டில் விரிந்து விலகிப் போவதற்கு முன்பே அது பிடிபட்டுவிடுகிறது. மூன்றாவதுதான் முக்கியம்: எதிராளிக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. தன் அடியை முடித்து நடுவுக்குத் திரும்பும் முன்பே பந்து வந்து நின்றால், எவ்வளவு பலசாலிக்கும் கால் தடுமாறும்.

நஷ்டமும் இருக்கிறது. வலையை உரசிப் போகும் பந்துக்குப் பிழை பொறுக்கும் இடம் இல்லை. கணிப்பு ஒரு இமைப்பொழுது பிசகினால் பந்து வலையில் விழும். கீழ்நோக்கி வெட்டி அடிப்பதால் தாழ்வாக வரும் ஸ்லைஸ் பந்தை அடியிலிருந்து தூக்கியே ஆக வேண்டும். தட்டையாக அடிப்பவருக்கு அது தலைவலி. அந்தக் காலத்தில் உலகின் ஆகச்சிறந்த ஸ்லைஸ் பேக்ஹேண்ட் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃபிடம் இருந்தது. டாடேயின் முதல் ஆட்டக் காலத்தில் பெரிய கதவுகள் பலவற்றில் கிராஃப் நின்றுகொண்டிருந்தது தற்செயல் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

ஏற்றம்

1991 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, கேப்ரியேலா சபாட்டினியை வென்று, இறுதியில் மோனிகா செலசிடம் தோற்றார். அதுவரை அவரை ஜப்பானுக்கு வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1992, 1993, 1994 மூன்று ஆண்டுகளும் ஜப்பான் ஓபன் பட்டம் அவருக்கே. 1994 ஜனவரியில் சிட்னியில் மேரி ஜோ ஃபெர்னாண்டசை வென்றது தாய்நாட்டுக்கு வெளியே முதல் கோப்பை. அடுத்து வந்த ஆஸ்திரேலிய ஓபனில் கொன்சிட்டா மார்டினெஸை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனார். 1973-இல் கசுகோ சவமாட்சு அதே போட்டியில் அரையிறுதி ஆடிய பிறகு, கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையரில் ஒரு ஜப்பானியப் பெண் அந்த இடத்துக்கு வந்தது அப்போதுதான். அங்கே கிராஃப் 6-3, 6-3 என்று நிறுத்தினார்.

1995 இன்னும் பெரிய ஆண்டு. டோக்கியோ பான் பசிபிக் இறுதியில் லிண்ட்சே டேவன்போர்ட்டை வென்றார். மயாமியில் சபாட்டினிக்கு எதிரான அரையிறுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் செட் 1-6 என்று போனது. இரண்டாவதில் 1-5. ஒரு கேம் தூரத்தில் சபாட்டினியின் வெற்றி. அங்கிருந்து திரும்பி 7-6, 7-6 என்று டாடே ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். பின்தங்கிய நிலையில் பெரும்பாலோர் பந்தைப் பாதுகாப்பாக உள்ளே போடப் பார்ப்பார்கள். டாடேயின் அடியில் 'பாதுகாப்பு' என்று தனியாக ஒன்று கிடையாது. 5-1 என்று முன்னணியில் இருந்தாலும் 1-5 என்று பின்தங்கினாலும் அதே உயரத்தில் அதே அடிதான். மாற்றிக்கொள்ள வேறு ஆட்டம் இல்லாதவருக்கு அதுவே சில நேரம் துணிச்சலாகத் தெரிகிறது. இறுதியாட்டத்தில் வழக்கம்போல் கிராஃபிடம் தோல்வி.

அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதி. களிமண் தரையில், பந்து மெதுவாகி உயர எழும்பும் இடத்தில், தட்டையாக அடிக்கும் ஒருவர் அவ்வளவு தூரம் போனது வியப்புதான். நவம்பரில் தரவரிசையில் நான்காம் இடம். அவருக்கு முன் எந்த ஜப்பானியப் பெண்ணும் முதல் பத்துக்குள் வந்ததில்லை.

அரியாகே, விம்பிள்டன்

1996 ஏப்ரல். டோக்கியோவின் அரியாகே அரங்கம். நாடுகளுக்கிடையிலான மகளிர் அணிப் போட்டியான ஃபெட் கோப்பையில் ஜப்பானும் ஜெர்மனியும் மோதின. எதிரே உலகின் முதல் நிலை வீராங்கனை கிராஃப். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் மூன்றையும் வெல்லவிருந்தவர். 7-6, 3-6, 12-10. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்த ஆட்டத்தை டாடே வென்றார். ஜப்பான் 3-2 என்று ஜெர்மனியை வெளியேற்றியது. மூன்றாவது செட்டில், சமநிலையை முறிக்க ஆடும் டைபிரேக்கர் கிடையாது. யாராவது ஒருவர் இரண்டு கேம் முன்னே போனால்தான் முடிவு. இருபத்திரண்டு கேம் நீண்ட அந்த செட்டில், சர்வீஸ் பலவீனமானவர்தான் கடைசி வரை தாக்குப்பிடித்தார். ஜப்பானிய டென்னிஸ் ரசிகர்களிடம் மறக்க முடியாத ஆட்டம் எது என்று கேட்டால் இன்றும் பலர் சொல்வது இதைத்தான்.

இரண்டு மாதம் கழித்து விம்பிள்டன் அரையிறுதியில் மீண்டும் அதே இருவர். முதல் செட் கிராஃபுக்கு 6-2. இரண்டாவது டாடேக்கு 6-2. புல்தரையில் தட்டைப் பந்து இன்னும் தாழ்ந்து வழுக்க, கிராஃபின் ஃபோர்ஹேண்டுக்கு நேரமே கிடைக்கவில்லை. இந்த ஆட்டத்தின்போதுதான் பார்வையாளர் ஒருவர் "ஸ்டெஃபி, என்னைத் திருமணம் செய்துகொள்வாயா?" என்று கத்த, பந்தைத் தட்டிக்கொண்டிருந்த கிராஃப் சற்று நிறுத்தி, "உன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். அரங்கமே சிரித்தது. அந்தக் காட்சியை உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வலைக்கு மறுபக்கம் நின்றவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

செட் சமநிலையில் வெளிச்சம் போய்விட்டது. ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. காலைவரை யோசிக்க நேரம் கிடைத்த கிராஃப் மூன்றாவது செட்டை 6-3 என்று முடித்தார். எதிராளியிடமிருந்து நேரத்தைப் பறிப்பதையே ஆயுதமாக வைத்திருந்தவருக்கு, ஓர் இரவு முழுவதையும் எதிராளிக்குக் கொடுத்துவிட்ட அந்த இருட்டு நியாயமான எதிரி அல்ல. கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கு அவர் இதைவிட நெருங்கியதில்லை.

விலகல்

பின்னாளில் டாடே இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார்: ஆண்டில் பெரும்பகுதி ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை, ஜப்பானிய ஊடகங்களின் நெருக்கடி தாங்கவில்லை, டென்னிஸில் மகிழ்ச்சி போய்விட்டது. முதல் பத்தில் இருக்கும் முதல் ஜப்பானியப் பெண் என்ற பட்டத்தோடு கூடவே செய்தியாளர் கூட்டமும் வரும். தோற்ற ஆட்டத்துக்கும் வென்ற ஆட்டத்துக்கும் ஒரே அளவு விளக்கம் கேட்பார்கள். அவருக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்தவர் யாரும் இல்லாததால் யாரிடமும் போய் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கவும் வழியில்லை.

இந்த முடிவை அப்போது பலர் வீணடிப்பு என்றார்கள். கிராண்ட்ஸ்லாம் கோப்பை என்ற ஒரே அளவுகோலால் அளந்தால் அது வீணடிப்புதான்; 1997, 1998-இல் அவர் ஆடியிருந்தால் ஒரு இறுதியாட்டமாவது கிடைத்திருக்கலாம். ஆனால் உடலின் கணக்கு வேறு. இருபத்தாறு வயதுக்கும் முப்பத்தேழு வயதுக்கும் இடையில் ஒரு தொழில்முறை வீராங்கனை தன் முழங்காலையும் தோளையும் தேய்த்துத் தீர்த்துவிடுவார். டாடே அந்த ஆண்டுகளைச் செலவழிக்கவே இல்லை. 2008-இல் திரும்பியவரின் மூட்டுகளில் எட்டு ஆண்டுச் சுற்றுப்பயணத் தேய்மானம்தான் இருந்தது, பத்தொன்பது ஆண்டுத் தேய்மானம் இல்லை. அந்த விலகல் இல்லையென்றால் இரண்டாம் காலம் ஒன்று இருந்திருக்கவே வாய்ப்பில்லை என்பது என் கணிப்பு.

இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்கவும் இல்லை. குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். 2001-இல் ஜெர்மானியக் கார் பந்தய வீரர் மிக்கேல் குரூமை மணந்தார். 2004-இல் லண்டன் மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். 33 வயதுப் பெண், மாரத்தான் தொழிலாகக் கொள்ளாதவர், அந்த நேரத்தில் ஓடினார் என்றால் நுரையீரலும் காலும் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

திரும்புதல்

2008 மார்ச்சில் டோக்கியோவில் ஒரு கண்காட்சி ஆட்டம். கிராஃப், மார்ட்டினா நவ்ரத்திலோவா, டாடே. பழைய எதிராளியின் முன் அவமானப்படக் கூடாது என்று மாதக்கணக்கில் தீவிரமாகப் பயிற்சி எடுத்தார். பயிற்சி எடுத்த உடல் ஆட்டத்தைக் கேட்டது. கணவரும் ஊக்கப்படுத்தினார். ஏப்ரலில் அறிவிப்பு: ஜப்பானின் இளம் வீராங்கனைகளுக்கு ஒரு உந்துதலாக இருக்க வேண்டும், உள்நாட்டுப் போட்டிகளிலிருந்து தொடங்குகிறேன்.

தொடங்கிய இடம் கிஃபு நகரில் நடக்கும் கங்காரு கோப்பை. விளக்குகளும் தொலைக்காட்சியும் நிறைந்த பெரிய போட்டி அல்ல; தரவரிசையின் கீழ்ப்படிகளில் இருப்பவர்கள் புள்ளி தேடி வரும் இடம். தரவரிசை இல்லாத டாடே தகுதிச் சுற்றிலிருந்து ஆடி, இறுதிவரை வந்து, தாய்லாந்தின் தமரின் தனசுகர்னிடம் தோற்றார். இரட்டையரில் குருமி நாராவுடன் பட்டம் வென்றார். டாடே முதல் முறை ஆட்டத்தை விட்டுப்போனபோது நாரா மழலைப் பள்ளி வயதுக் குழந்தை. அதே ஆண்டு தேசியப் பட்டத்தில் ஒற்றையர், இரட்டையர் இரண்டும் டாடேக்கே வந்தன. ஒரு தலைமுறை இடைவெளி விட்டு வந்த 38 வயதுப் பெண் நாட்டின் முதல் இடத்தை எடுத்துக்கொண்டது உந்துதலா, அவமானமா என்று அந்த இளம் வீராங்கனைகளைத்தான் கேட்க வேண்டும்.

2009 செப்டம்பர் 27, தென்கொரியாவின் சோல். மரியா கிரிலென்கோவை அரையிறுதியில் கடந்து, இறுதியில் அனபெல் மெடினா கரிகெஸை 6-3, 6-3 என்று வென்றார். மறுநாள் அவருடைய 39-ஆவது பிறந்தநாள். 1983-இல் பர்மிங்காமில் வென்ற பில்லி ஜீன் கிங் ஒருவரே அவரைவிட மூத்த வயதில் மகளிர் சுற்றில் ஒற்றையர் பட்டம் வென்றிருந்தார். டாடேக்கு அது எட்டாவது ஒற்றையர் பட்டம். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்.

2010 மே, பாரிஸில் பிரெஞ்சு ஓபன். முன்னாள் முதல் நிலை வீராங்கனை தினாரா சஃபினாவை 3-6, 6-4, 7-5. காலில் வலியோடு முடித்த ஆட்டம். செப்டம்பரில் டோக்கியோவில் மரியா ஷரபோவாவை மூன்று செட்களில். அக்டோபரில் ஒசாகாவில், நாற்பது வயது முடிந்த நிலையில், முதல் பத்துக்குள் இருந்த சமந்தா ஸ்டோசரை. அந்த ஒசாகா இறுதியில் மறுபடியும் தனசுகர்னிடம் தோற்றார். இருவர் வயதையும் கூட்டினால் எழுபதைத் தாண்டிய இறுதியாட்டம் அது. அந்த ஆண்டு தரவரிசையில் முதல் 50-க்குள் வந்துவிட்டார்.

ஏன் செல்லுபடியானது

அவர் இல்லாத பதினொன்றரை ஆண்டுகளில் டென்னிஸ் தலைகீழாக மாறியிருந்தது. மட்டைகளுக்குப் பாலியெஸ்டர் நரம்புகள் வந்து, பந்தை முழு பலத்தோடு வீசினாலும் சுழற்சியால் அது களத்துக்குள்ளேயே விழும் நிலை வந்தது. எல்லோரும் பேஸ்லைனுக்குப் பின்னால் போய், உயர எழும்பும் டாப்ஸ்பின் பந்துகளை மாறி மாறி அடித்தார்கள். வீராங்கனைகள் உயரமாகவும் பலமாகவும் ஆனார்கள். இந்த உலகத்துக்குள் 163 சென்டிமீட்டர் உயரமுள்ள, பழைய பாணித் தட்டை அடி அடிக்கும் ஒருவர் வந்தால் நசுங்கிவிடுவார் என்று நினைப்பதே இயல்பு.

நடந்தது ஓரளவுக்கு எதிர்மாறு. எதிராளியின் வேகத்தைக் கடன் வாங்கி ஆடுபவருக்கு, எதிராளிகள் அதிக வேகம் கொடுக்கத் தொடங்கியது கடன் தொகை கூடிய மாதிரி ஆயிற்று. பந்து உச்சிக்கு ஏறும் முன்பே அடித்துவிடுவதால், தோளுக்கு மேலே துள்ளும் டாப்ஸ்பினின் தொல்லையும் பாதி குறைந்தது. இன்னொரு காரணமும் உண்டு: 2009-இல் இருபது வயதில் இருந்த வீராங்கனை இப்படிப்பட்ட பந்தைப் பயிற்சியில்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய கால்களும் கண்களும் பழகியிருந்த தாளம் வேறு. டாடேயின் பந்து அரைத் துடிப்பு முன்னதாக வந்தது, எழும்பாமல் வந்தது.

2011 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் இதை முழுதாகப் பார்க்கலாம். வெளியே மழை, சென்டர் கோர்ட்டின் கூரை மூடியிருந்தது. எதிரே ஐந்து முறை பட்டம் வென்ற வீனஸ் வில்லியம்ஸ். மகளிர் டென்னிஸின் மிக வேகமான சர்வீஸ்களில் ஒன்று அவருடையது. டாடே பின்வாங்காமல் முன்னே நகர்ந்து நின்று, சர்வீஸ் எழும்பும் இடத்திலேயே அதைத் தட்டித் திருப்பினார். அடித்த கையோடு வலைக்கு ஓடி, பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலி ஆடினார். முதல் செட்டில் 5-1. காற்றும் வெயிலும் இல்லாத மூடிய அரங்கில் கணிப்பு பிசகவில்லை. வீனஸ் மீண்டு வந்து சமன் செய்தும், டைபிரேக்கரை 8-6 என்று டாடேதான் எடுத்தார். கடைசியில் 6-7, 6-3, 8-6 என்று வீனஸ் தப்பித்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் வயது வித்தியாசம் பத்து. டாடேயின் இரண்டாம் காலத்தில் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள். தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

எது முடியவில்லை

நல்ல செய்திகளை மட்டும் அடுக்கினால் ஆய்வு ஆகாது. 2009 முதல் 2012 வரை கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அவர் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே வெளியேறினார். மேலே சொன்ன சஃபினா வெற்றிக்கு அடுத்த சுற்றில் ஜார்மிலா குரோத்திடம் தோற்றார். இந்த வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு பெரிய ஆட்டம், அடுத்ததில் வெறும் கால்கள். அடியின் திறமை வயதைக் கேட்பதில்லை, தசை கேட்கிறது. மூன்று செட் ஆடிய உடல் நாற்பது வயதில் மறுநாளைக்கு மறுநாளும் முழுதாக மீள்வதில்லை. ஒரே ஒரு நாள் என்றால் அவர் யாரையும் தொந்தரவு செய்வார். இரண்டு வாரம் தொடர்ந்து ஆடி ஏழு பேரை வெல்வது என்ற கணக்குக்குள் அவர் திரும்பவும் நுழையவே இல்லை.

2013 விதிவிலக்கு மாதிரித் தெரிகிறது. ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் பன்னிரண்டாம் தரநிலையில் இருந்த நாடியா பெட்ரோவாவை 6-2, 6-0 என்று ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய ஆட்டத்தில் முடித்தார். அங்கே ஒற்றையர் ஆட்டம் வென்ற மிக மூத்த பெண் ஆனார். இரண்டாம் சுற்றில் ஷாஹர் பேயரையும் வென்றார். விம்பிள்டனிலும் இரண்டு சுற்று வென்று மூன்றாவதில் செரீனா வில்லியம்ஸைச் சந்தித்தார்: 2-6, 0-6. விதிவிலக்கு என்றேன், கூர்ந்து பார்த்தால் இதுவும் அதே கணக்குதான். வென்ற நான்கு ஆட்டங்களையும் இரண்டே செட்களில் முடித்தார். தேய்மானத்தைச் சேர்க்காமல் அடுத்த சுற்றுக்கு வந்ததால்தான் மூன்றாம் சுற்று கிடைத்தது.

இரட்டையர் அவருக்கு வேறு ஓர் ஆயுளைக் கொடுத்தது. பாதிக் களம், குறைந்த ஓட்டம், வலை அருகே கை வேகம். 2014 அமெரிக்க ஓபனில் செக் நாட்டு பார்போரா ஸ்ட்ரிட்சோவாவுடன் அரையிறுதிக்குப் போனார். முதல் காலத்தில்கூட கிராண்ட்ஸ்லாம் இரட்டையரில் அவ்வளவு தூரம் போனதில்லை. அங்கே தோற்கடித்த ஜோடியில் ஒருவர் ஹிங்கிஸ். 1996-இல் பதினாறு வயதில் டாடேயை வழியனுப்பி வைத்தவர், இடையில் தானும் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து, பதினெட்டு ஆண்டு கழித்து மறுபடியும் வலைக்கு மறுபக்கம் நின்றார்.

பிறகு முழங்கால். 2016-இல் இடது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. நாற்பத்தைந்து வயதில் குருத்தெலும்பைச் சரிசெய்துகொண்டு மீண்டும் ஆடலாம் என்று நினைப்பதில் எனக்குத் துணிச்சலைவிடப் பிடிவாதமே அதிகம் தெரிகிறது. 2017 மே மாதம் மறுபடியும் கிஃபுவில், அதே கங்காரு கோப்பையில் களமிறங்கினார். தோளும் ஒத்துழைக்கவில்லை. ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். செப்டம்பர் 12 அன்று, ஒரு காலத்தில் கிராஃபை வீழ்த்திய அதே அரியாகேயில், செர்பியாவின் அலெக்சாண்ட்ரா குருனிச்சுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். 0-6, 0-6. ஒரு கேம்கூட இல்லை. ஒரு மணி நேரமும் ஆகவில்லை. ரைசிங் ஷாட் என்பது ஒரு கணத்தின் நூறில் ஒரு பங்கைக் கால்கள் பிடித்துத் தருவதால் நடப்பது. முழங்கால் அந்தப் பங்கைத் தராமல் போன நாளில் மிச்சம் இருந்தது வலையில் விழும் பந்துகள்தான். இந்த ஸ்கோரை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வது மரியாதை ஆகாது.

தரை

அவருக்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்தால், ஆண்களில் கெய் நிஷிகோரி 2014 அமெரிக்க ஓபன் இறுதிவரை போனார். நவோமி ஒசாகா 2018-இல் அதே போட்டியை வென்றார். இரண்டு பேருமே ஆட்டத்தைப் பட்டை தீட்டிக்கொண்டது அமெரிக்காவில். ஜப்பானுக்குள்ளேயே வளர்ந்து, பள்ளிப் போட்டிகளில் ஆடி, முதல் பத்துக்குள் போன பாதை டாடேயுடையது. அந்தப் பாதையில் அவருக்குப் பின் அதிகம் பேர் வரவில்லை. ஏன் என்ற கேள்வியை டாடே வகுப்பறைக்கே எடுத்துப் போனார். இரண்டாம் ஓய்வை ஒட்டிய காலத்தில் வசேதா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலில் முதுகலை படித்தபோது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஜப்பானின் ஆடுகளத் தரை.

ஜப்பானில் பரவலாக இருப்பது மணல் தூவிய செயற்கைப் புல்தரை, பேச்சுவழக்கில் ஓம்னி. அதில் பந்து மெதுவாகும், அதிகம் எழும்பாது, கால் வழுக்கும். இழுத்துப் பிடித்து ஆடினாலே புள்ளி கிடைத்துவிடும். பந்தை எழும்போதே பிடிக்க வேண்டிய கட்டாயமோ, முழு வேகத்தில் அடிக்க வேண்டிய கட்டாயமோ இல்லை. சர்வதேச மகளிர் சுற்றில் அந்தத் தரை கிடையாது. பத்து வயதிலிருந்து ஓம்னியில் வளரும் சிறுமி, பதினெட்டு வயதில் கடினத் தரைக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. கடினத் தரைகளைக் கூட்ட வேண்டும் என்பது டாடேயின் வாதம். 2019-இல் யோனெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இளம் பெண்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றையும் தொடங்கினார்.

எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது. ஜப்பானில் மழை அதிகம். ஓம்னியில் தண்ணீர் வடிந்துவிடும், மழை விட்ட சிறிது நேரத்தில் ஆடலாம். மூட்டுக்கு மெத்தென்று இருப்பதால் வார இறுதியில் வரும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும். கிளப்புக்குச் சந்தா கட்டுகிறவர்களும் அவர்கள்தான். பராமரிப்புச் செலவும் குறைவு. ஒரு கிளப் நடத்துகிறவருக்கோ நகராட்சி அதிகாரிக்கோ, என்றோ வரப்போகும் ஒரு வீராங்கனையைவிட இந்த மாதத்து முன்பதிவுதான் கண்ணுக்குத் தெரியும். பல பள்ளி மைதானங்களிலும் நகராட்சி மைதானங்களிலும் இன்னும் மணல் தூவிய புல்தான் இருக்கிறது.